சல்மகண்டியும் ராணியின் தோழியும்

கேள்வி: பழைய ஆங்கிலேய விருந்துகளில் 'சல்மகண்டி' என்றொரு சாலட் இருந்ததாமே! பிரான்ஸ் நாட்டு ராணி மரி தெ மெடிசியின் தோழி ஒருத்தி அதைக் கண்டுபிடித்ததால் அவள் பெயரே அதற்கு வந்தது என்கிறார்களே, உண்மையா? கண்டதையும் போட்டுக் கிளறியதற்கு ஒரு சீமாட்டியின் பெயரா?

பதில்: உண்மையில்லை. மரி தெ மெடிசி பிறந்தது 1575இல். அதற்கும் முன்பே, 1546இல் வெளிவந்த தம் நூலில், பிரெஞ்சு எழுத்தாளர் ரபலே தம் கதைமாந்தனுக்கு அளிக்கும் கற்பனைச் சீமைக்குச் 'சல்மிகோந்தின்' என்று பெயர் சூட்டிவிட்டார். ராணியே பிறவாத காலத்தில் அவளுக்குத் தோழி ஏது? ஒரு சொல்லின் வரலாறு தெரியாத இடத்திலெல்லாம் அரண்மனைப் பெண் ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தும் வழக்கத்தை நான் நெடுநாளாக எதிர்த்து வருகிறேன். ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தாலே இந்தக் கதை நிற்காது. இந்தப் பெயரின் தொடக்கத்தில் இருப்பது உப்பு என்பதே சொல்லாய்வாளர் பலரின் கருத்து. சாலட் என்ற சொல்லும் உப்பிலிருந்து வந்ததுதான்.

'கிளறியது' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1747இல் ஆங்கிலேயப் பெண்மணி ஹானா கிளாஸ் அச்சிட்ட சமையல் நூலைப் பாருங்கள். லெட்யூஸ் கீரையைக் கழுவி, துணியில் ஈரம் போக உதறி, நூல்போல நறுக்கித் தட்டின் அடியில் பரப்ப வேண்டும். அதன்மேல் குளிர்ந்த கோழிக்கறியின் மெல்லிய துண்டுகளை அடுக்கி, அவற்றின் இடையிடையே நெத்திலி இனத்து உப்புமீனை வைக்க வேண்டும். நடுவில் முட்டை மஞ்சள் கருவையும் பார்ஸ்லித் தழையையும் பொடியாக நறுக்கிக் கூம்பாகக் குவித்து, வெள்ளையாக வேகவைத்த சிறு வெங்காயங்களால் அழகு செய்து, எண்ணெயும் வினிகரும் உப்பும் மிளகும் அடித்துக் கலந்து மேலே ஊற்ற வேண்டும். இதில் எங்கே கிளறல்? ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்துப் பழகிய கை செய்த வேலை இது.

ஆயினும் சொல் மட்டும் 'கதம்பம்' என்ற பொருளில் நிலைத்துவிட்டது. 1807இல் அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங்கும் அவருடைய கூட்டாளிகளும் நியூயார்க்கில் தொடங்கிய பல்சுவை இதழுக்கு இதையே பெயராக வைத்தார்கள். அரண்மனைத் தோழி போதாதென்று, ஆங்கிலேயர் வாயில் இச்சொல் 'சாலமன் கண்டி' என ஓர் ஆண்பிள்ளையின் பெயராகவும் ஒலித்தது. ஜமைக்காவில் இன்றும் அந்தப் பெயரில் ஓர் உணவு கிடைக்கிறது: கீரையும் கோழியும் முட்டையும் இல்லை, உப்பிட்ட ஹெர்ரிங் மீனைக் கார மிளகாயோடு அரைத்த விழுது மட்டும், பிஸ்கட்டில் தடவித் தின்ன.