‘ஹனுமான்கைண்ட்’ என்று ஒரு ராப்பர் பெயர் வைத்துக்கொள்ளலாமா? அவருடைய ‘பிக் டாக்ஸ்’ பாட்டு வீடியோவில் கிணற்றுச் சுவரில் பைக்கும் காரும் ஓடுவது நிஜமா, கிராபிக்ஸா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நிஜம்தான். அதைக் கிராபிக்ஸ் என்று யாராவது சொன்னால் எனக்கு வயிறு எரிகிறது. அது மரணக் கிணறு. என் தாய்மாமா வருஷக்கணக்கில் வண்டி ஓட்டிப் பிழைத்த இடம்.

உங்களுக்குச் சின்ன வயது என்று நினைக்கிறேன். பொருட்காட்சி என்றால் டெல்லி அப்பளமும் ராட்டினமும்தான் ஞாபகம் வரும். நான் பையனாக இருந்தபோது மதுரை தமுக்கத்திலும் கோவை வ.உ.சி. மைதானத்திலும் உள்ளே நுழையும்போதே சைலன்சர் கழற்றிய பைக் சத்தம் காதைப் பிளக்கும். பலகைகளை வட்டமாக நிறுத்தி, போல்ட் போட்டு, வெளியே கம்பி வடத்தால் இறுக்கியிருப்பார்கள். அடியில் ஒரு சரிவு. அதில் சுற்றி வேகம் பிடித்துத்தான் சுவரில் ஏற முடியும். ஏறிய பிறகு டயருக்கும் பலகைக்கும் உள்ள பிடிப்புதான் ஆளைத் தாங்குகிறது. வேகம் குறைந்தால் பிடிப்பு போச்சு. பலகை ஈரமாக இருந்தாலும் போச்சு, அதனால் தூறல் விழுந்தால் மாமா ஏறவே மாட்டார். சாயங்காலம் ஷோவுக்கு முன்னால் கையில் ஸ்பேனரோடு கிணற்றைச் சுற்றி வந்து ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டிப் பார்ப்பார்.

இப்போது பெயருக்கு வருகிறேன். மாமா ஓட்டியது மாருதி 800. மைக்காரர் அவரை ‘மாருதி மணி’ என்றுதான் கூப்பிடுவார். மாருதி என்றாலும் ஆஞ்சநேயர்தானே? மாமா ஸ்டியரிங்கை விட்டுவிட்டு ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கும்பிடு போடும்போது கூட்டமே அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தும். சாமி குத்தம் என்று ஒருத்தரும் சண்டைக்கு வந்ததில்லை. லாரி சர்வீஸ், ஒர்க்‌ஷாப், மெடிக்கல் எல்லாவற்றுக்கும் சாமி பெயர் வைக்கிற நாம், பாடுகிறவன் வைத்தால் மட்டும் ஏன் கோபப்பட வேண்டும்?

அந்த ராப்பரின் சொந்தப் பெயர் சூரஜ் செருகாட். மலப்புறத்துக்காரர், அமெரிக்காவில் ஹூஸ்டனில் வளர்ந்தவர், பிறகு நம்ம கோவை பி.எஸ்.ஜி. கல்லூரியில் படித்தவர். ஹனுமான் பெயரோடு மனித குலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ஒட்டவைத்திருக்கிறார். இதில் கேலி எங்கே இருக்கிறது? ‘இந்தியன் எதற்கு அமெரிக்கக் கறுப்பர் மாதிரி பேசுகிறான்’ என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: ஒரு பையன் எந்த ஊரில் வளர்கிறானோ அந்த ஊர்ப் பேச்சுதான் அவன் வாயில் வரும். நான் ராப் பைத்தியம் கிடையாது, அவருடைய எல்லாப் பாட்டும் பிடிக்கும் என்றும் சொல்லவில்லை. ‘உனக்கு ஹிப்ஹாப் பற்றி என்ன தெரியும்’ என்று கமெண்டில் வருகிறவர்கள் வரலாம். எனக்குக் கிணறு தெரியும்.

2024 ஜூலையில் அந்த வீடியோ வந்தபோது மாமாவுக்குப் போனில் போட்டுக் காட்டினேன். பிஜோய் ஷெட்டி இயக்கியது, கேரளாவில் பொன்னானியில் எடுத்தது. மாமா பாட்டைக் காதில் வாங்கவே இல்லை. பைக்கும் காரும் ஒன்றை ஒன்று தாண்டும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப வைக்கச் சொன்னார். அப்புறம், “மாப்ள, நடுவுல நிக்கறான் பாரு, அது லேசுப்பட்ட காரியமில்ல. சுத்தற வண்டியக் கண்ணால தொடர்ந்தா தலை கிறுகிறுத்து விழுந்துருவான். அவன் நேரா பாத்துட்டே பாடறான்” என்றார். ஒரு பெண்ணும் ஓட்டுகிறாள் என்று பார்த்ததும் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 என்ற ஹிட் பாட்டுப் பட்டியலில் ஏறியது என்று சொன்னேன். அதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

2025 மார்ச்சில் வந்த ‘ரன் இட் அப்’ வீடியோவில் செண்டை மேளம், களரி, பஞ்சாபின் கட்கா, மணிப்பூரின் தாங்-தா போன்ற சண்டைக் கலைகள் எல்லாம் வந்தன. பிரதமர் வானொலியில் பாராட்டினார். உடனே ஒரு பக்கம் கொண்டாட்டம், இன்னொரு பக்கம் திட்டு. நான் எந்தக் கட்சிக்கும் பேசவில்லை. செண்டை அடிக்கிறவரையும் கிணற்றில் ஓட்டுகிறவரையும் உலகம் பார்க்கிற மாதிரி ஒருவன் காட்டியிருக்கிறான், எனக்கு அது போதும்.

மாமா ஒரு ஊர்த் திருவிழாவில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. காண்டிராக்டர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்து அனுப்பினார், அதோடு சரி. நாம் விளிம்பில் நின்று நீட்டுவோமே பத்து ரூபாய் நோட்டு, அதைத்தான் அவர்கள் பல நாள் சாப்பாட்டுக்கு நம்பியிருந்தார்கள். பேசிய சம்பளம் ஒன்று, கைக்கு வந்தது வேறு. ராப்பர் பெயரை மாற்றச் சொல்லிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், உங்கள் ஊரில் அடுத்த தடவை கிணறு போடும்போது கமிட்டிக்காரர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஓட்டுகிற பிள்ளைகளுக்கு விபத்துக் காப்பீடு எடுத்திருக்கிறீர்களா? இல்லை என்றால் அனுமதி கொடுக்க விடாதீர்கள்.