சர்வர் பார்ப்பவரின் மேசைக்கு எந்த சிஸ்டம்?

கேள்வி: பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் 30 டெபியன் லினக்ஸ் சர்வர்களைக் கவனிக்கிறேன். என் மேசைக் கணினியில் இன்னும் விண்டோஸ் 10. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. லினக்ஸுக்கு மாறலாமா? விண்டோஸில் மட்டுமே ஓடும் ஒரு மென்பொருளும் தேவை.
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தாராளமாக. டெபியன் 13-ஐயே போடுங்கள். சர்வரில் பழகிய கை மேசையிலும் தடுமாறாது. ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸில் எல்லாம் புத்தம் புதிது, ஆனால் ஒரு வெளியீட்டின் ஆயுள் சுமார் 13 மாதம்தான். 30 சர்வரைப் பார்க்கிறவருக்கு அடிக்கடி வெளியீடு மாற்றும் வேலையும் எதற்கு?

என்விடியா கிராஃபிக்ஸ் அட்டை இருந்தால் கவனம். கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) அப்டேட்டுக்குப் பிறகு திரை கறுத்துப்போனால், பெரும்பாலும் புதிய கெர்னலின் ஹெடர்ஸ் (டிரைவரைக் கட்டத் தேவையான கோப்புகள்) இருக்காது. அவை இல்லாமல், புதிய கெர்னலுக்கு டிரைவரைத் தானே கட்டும் டிகேஎம்எஸ் கருவியால் அதைக் கட்ட முடியாது. லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64 என்ற பேக்கேஜை முதலிலேயே நிறுவிவிடுங்கள். செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கும் வசதி) இயங்கினால், டிரைவரின் கையொப்பத்தை ஏற்கவைக்கும் மோக் சாவியையும் பதிய வேண்டும்.

அந்த ஒரு மென்பொருளுக்கு கேவிஎம்-இல் (லினக்ஸுக்குள் இன்னொரு கணினியைப் பாவனையாக ஓட்டும் வசதி) விண்டோஸ் 11 போதும்: 8 ஜிபி ரேம், 64 ஜிபிக்குக் குறையாத டிஸ்க். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு சிப்பை எஸ்டபிள்யூடிபிஎம் பேக்கேஜ் பாவனையாகத் தந்துவிடும். டிஸ்க்கை விர்ட்ஐஓ (பாவனைக் கணினிக்கான வேகமான இணைப்பு) வகையில் வைத்தால், விண்டோஸ் இன்ஸ்டாலர் டிஸ்க்கே இல்லை என்று கைவிரிக்கும். விர்ட்ஐஓ டிரைவர் ஐஎஸ்ஓ-வை இரண்டாவது சிடியாக மாட்டி, 'லோட் டிரைவர்' அழுத்தி, விஐஓஸ்டோர் ஃபோல்டரைக் காட்டுங்கள். டிஸ்க் உடனே தெரியும்.