சிகரெட்டுக்கு மாற்றா இ-சிகரெட்?

கேள்வி: என் கணவர் தினமும் பத்து சிகரெட் பிடிக்கிறார். லண்டன் நண்பர் இ-சிகரெட் கொண்டுவந்து தருகிறாராம். அதற்கு மாறினால் ஆபத்து குறையுமா?
- வாசகி, திருச்சி

பதில்: வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2019 சட்டப்படி இந்தியாவில் அதன் இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

நிகோடின் கலந்த திரவத்தைப் பேட்டரியால் சூடாக்கி ஆவியாக உறிஞ்ச வைக்கும் கருவி இது. புகையிலை எரியாததால் தாரும் கார்பன் மோனாக்சைடும் இல்லை என்பது உண்மைதான். அதனால்தான் பிரிட்டனில் சிகரெட்டைக் கைவிட விரும்பும் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் நிகோடின் அடிமைத்தனம் அப்படியே இருக்கும். திரவம் வற்றி, அதை உறிஞ்சும் திரி காய்ந்தால், சூடாக்கும் கம்பிச்சுருள் அதிகம் சூடேறி, புற்றுநோய் வரவழைக்கும் ஃபார்மால்டிஹைடு உண்டாகும். வீட்டில் இ-சிகரெட், வெளியே சிகரெட் என்று இரண்டையும் தொடர்பவர்கள் ஏராளம். அதில் எந்த லாபமும் இல்லை.

சிகரெட்டை நிறுத்த நிகோடின் சூயிங்கம் நல்ல வழி. எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் தேடுபவருக்கு 4 மி.கி., மற்றவர்களுக்கு 2 மி.கி. முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணிக்கு ஒன்று. பிறகு படிப்படியாகக் குறைக்கலாம். பலரும் தவறுவது மெல்லும் முறையில்தான். மிட்டாய் போல் விடாமல் மென்றால் நிகோடின் வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும். மெதுவாக மென்று, மிளகுக் காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்குங்கள். காரம் அடங்கினால் மறுபடி மெல்லுங்கள். அரை மணி நேரம் இப்படி. அதற்குக் கால் மணி முன்பிருந்தே காபி கூடாது, நிகோடின் உறிஞ்சப்படாது. இதய நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.