‘ரிப்ளெனிஷ்’: நிரப்புவதா, மறுபடி நிரப்புவதா?

கேள்வி: ரீஃபில், ரிப்ளெனிஷ் இரண்டும் ஒன்றுதானே சார்?

பதில்: முழுக்க இல்லை. ரீஃபில் என்றால் கண்முன் நிற்பது பாத்திரம்: பேனா, சிலிண்டர், தண்ணீர் கேன். ரிப்ளெனிஷ் என்றால் இருப்பு. செலவாகிக் குறைந்ததை ஈடுகட்டுவது. கடைச் சரக்கு, நிலத்தடி நீர், வியர்வையில் போன உப்பு, இவற்றுக்கு அது பொருந்தும். கோப்பைக்கும் வரும், ஆனால் நடை கொஞ்சம் விறைப்பு. கேஸ் புக் செய்யும்போது ரிப்ளெனிஷ் என்றால் பிழையில்லை. காய்கறி வாங்கப் பட்டுவேட்டி கட்டிப் போன மாதிரி இருக்கும்.

கேள்வி: சொல் எங்கிருந்து வந்தது? கடைசியில் ‘இஷ்’ எதற்கு?

பதில்: லத்தீனில் ‘ப்ளேனுஸ்’ என்றால் நிறைந்தது. அதன் வழியே பழைய பிரெஞ்சில் ‘ரெப்ளெனிர்’ என்ற வினை. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சில் ‘இர்’ என்று முடியும் பல வினைகள் சில வடிவங்களில் ‘இஸ்’ என்ற அசையை ஏற்கும். ஆங்கிலம் அந்த அசையோடு சேர்த்து எடுத்துக்கொண்டதால் ‘இஷ்’ ஆயிற்று. ஃபினிஷ், பனிஷ், அபாலிஷ் எல்லாம் இதே வழி. ஃபூலிஷில் இருப்பது வேறு ‘இஷ்’. அது ஆங்கிலத்தின் சொந்தப் பெயரடை விகுதி.

கேள்வி: 1611 ஆங்கில பைபிளில் ஆதாமிடம் பூமியை ‘ரிப்ளெனிஷ்’ செய்யச் சொல்கிறாரே கடவுள். அப்படியானால் முன்பே ஒருமுறை நிரம்பியிருந்ததா?

பதில்: இந்த ஒரு சொல்லை வைத்து அப்படி வாதிட்டவர்கள் உண்டு. சொல் அதற்கு இடம் தராது. அன்றைய ஆங்கிலத்தில் ரிப்ளெனிஷ் என்றால் ‘நன்றாக நிரப்பு’. முன்னே நிற்கும் ‘ரி’ இங்கே ‘மறுபடி’ அல்ல, அழுத்தம். ‘மறுபடி’ என்ற பொருள் பின்னால் வலுத்தது. ஆதியாகமம் 1:28இல் உள்ள அதே எபிரேய வினைதான் 1:22இல் மீன்களுக்கும் வருகிறது. அங்கே அதே மொழிபெயர்ப்பு வெறும் ‘ஃபில்’ என்கிறது. தமிழ் வேதாகமம் ‘பூமியை நிரப்பி’ என்று நேராகப் போட்டுவிட்டதால் நமக்கு இந்தக் குழப்பமே இல்லை.

கேள்வி: ப்ளேனுஸுக்கும் நம் பூரணத்துக்கும் உறவு உண்டா?

பதில்: உண்டு. பூர்ணம் என்ற சமஸ்கிருதச் சொல்லும் லத்தீன் ப்ளேனுஸும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து, அதாவது இந்த மொழிகளின் பொது மூதாதை மொழியிலிருந்து, வந்தவை. ஆங்கில ஃபுல், ஃபில் அதே வேர்தான். ஆங்கிலம் சேர்ந்த ஜெர்மானியக் கிளையில் ‘ப’ ஒலி ‘ஃப’ ஆகிவிட்டது. பௌர்ணமியும் கொழுக்கட்டைக்குள் வைக்கும் பூரணமும்கூட இந்தக் குடும்பம். தமிழ் ‘நிறை’ இதில் சேராது, அது திராவிடச் சொல்.

கேள்வி: வாக்கியத்தில் அதிகம் தவறுவது எங்கே?

பதில்: ‘ரிப்ளெனிஷ் வாட்டர் இன்டு தி டேங்க்’ என்பதில். ‘ரிப்ளெனிஷ் தி டேங்க் வித் வாட்டர்’ என்று எழுதுங்கள். பின்னால் ‘அகெய்ன்’ பெரும்பாலும் வேண்டாம். உச்சரிப்பில் அழுத்தம் ‘ப்ளெ’ மேல்.

கேள்வி: எதிர்ச்சொல்?

பதில்: டிப்ளீட். அதுவும் அதே லத்தீன் வேர். ‘டி’ அங்கே நிறைந்ததை வடித்துவிடுகிறது.