வாசகர் கேள்வி - கைவேலை ஆசிரியை பதில்: வீட்டுக்குள் ஒரு கார்னிவல்

கே: மகளின் பிறந்தநாளுக்கு மூன்று வயதிலிருந்து பத்து வயது வரை பிள்ளைகள் வருகிறார்கள். போன தடவை பாட்டில் மேல் வளையம் எறியும் விளையாட்டு வைத்தேன். ஒருத்தருக்கும் விழவில்லை. சின்னவன் அழுதே விட்டான். எங்கே தப்பு செய்தேன்?

ப: அந்த அழுகையை நானும் பார்த்திருக்கிறேன், அம்மா. நான் முதன்முதலில் வைத்த வளைய விளையாட்டில் ஒரு சின்னப் பெண் ஐந்து வளையத்தையும் எறிந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அன்று ராத்திரி எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு நானே எறிந்து பார்த்தேன். எனக்கே விழவில்லை!

முதல் தப்பு வளையத்தில். பிளாஸ்டிக் வளையம் பாட்டில் கழுத்தில் பட்டதும் துள்ளி வெளியே போய்விடும். விரல் தடிமனில் கயிறு எடுத்து வட்டமாக்கி, இரண்டு முனையையும் சேர்த்து டேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள். கயிறு துள்ளாது, விழுந்த இடத்திலேயே கிடக்கும். உள்வட்டம் 15 செ.மீ. இருக்கட்டும்.

அடுத்தது பாட்டில். நெருக்கி அடுக்கினால் வளையம் இரண்டு மூன்று தலைகளின் மேல் படுத்துக்கொள்ளும், கீழே இறங்காது. நடுவில் ஒரு வளையம் முழுசாகக் கிடக்கும் அளவுக்கு இடம் விடுங்கள். கண்ணாடி வேண்டாம், பிளாஸ்டிக் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மணல் போட்டு மூடினால் சாயாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் எறிகோடு. தரையில் மூன்று நிறத்தில் டேப் ஒட்டுங்கள்: 1 மீட்டர், ஒன்றரை, இரண்டரை. அந்தந்த வயதுப் பிள்ளை ஒன்றை முந்தின நாளே கூப்பிட்டு ஐந்து தரம் எறியச் சொல்லுங்கள். குறைந்தது இரண்டு வளையமாவது விழ வேண்டும். விழாவிட்டால் கோட்டை ஒரு சாண் முன்னால் கொண்டு வாருங்கள். மூன்று வயதுக்காரன் பாட்டிலுக்கு மேலேயே நின்று போட்டால்தான் விழும் என்றால், அங்கேயே நிற்கட்டும்.

கே: டப்பா அடுக்கிப் பந்தால் அடிக்கும் விளையாட்டு பெரிய பிள்ளைகளுக்குச் சுலபமாகிவிடுகிறதே?

ப: 3, 2, 1 என்று ஆறு டப்பா அடுக்குவீர்கள். அடிவரிசையில் ஒரு டப்பாவில் மட்டும் கொஞ்சம் மணல் போடுங்கள். அது எது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். எங்கே அடித்தால் சாயும் என்று அவர்களே யோசிப்பார்கள். டப்பாவின் வெட்டிய விளிம்பில் டேப் ஒட்ட மறக்காதீர்கள். பந்துக்குப் பழைய சாக்ஸைச் சுருட்டினால் போதும். பின்னால் ஒரு போர்வை தொங்கவிட்டால் எல்லாம் அங்கேயே விழும், ஓடிப் பொறுக்க வேண்டியதில்லை.

கே: பலகையில் ஆணி அடித்துக் கோலி உருட்டும் விளையாட்டு செய்தேன். ஓரத்தில்தான் பெரிய பரிசு வைத்தேன். யாருக்குமே கிடைக்கவில்லை.

ப: கிடைப்பது கஷ்டம்தான். ஒவ்வொரு ஆணியிலும் கோலி இடமோ வலமோ போகும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஆணிகள் நான்கு வரிசை என்றால் கீழே ஐந்து அறை. அங்கே போய்ச் சேர மொத்தம் 16 வழி. அவற்றில் நடு அறைக்கு 6, அதன் இரு பக்கத்துக்கும் 4, 4, ஓரங்களுக்கு ஒவ்வொன்றுதான். பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் 19-ஆம் நூற்றாண்டில் இதைக் காட்டவே ஒரு ஆணிப் பலகை செய்தார். பரிசை நடுவுக்கு மாற்றுங்கள். பத்து வயதுக்காரர்களிடம் முதலில் 16 கோலியை உருட்டி எண்ணச் சொல்லுங்கள், வாயைப் பிளப்பார்கள். கோலி மூன்று வயதுக் கையில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: காந்தத் தூண்டிலில் காகித மீன் பிடிப்பது குட்டிகளுக்குச் சரியாக இருக்குமா?

ப: சின்னக் காந்தங்கள் வேண்டவே வேண்டாம். இரண்டை விழுங்கிவிட்டால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துத் துளையே போட்டுவிடும். பழைய பிளாஸ்டிக் ஹேங்கரைத் தூண்டிலாகக் கொடுங்கள். அட்டை மீனின் முதுகில் பெரிய அட்டை வளையம் ஒட்டினால் கொக்கியில் அழகாக மாட்டும். பலூன் வெடிக்கும் விளையாட்டும் குட்டிகள் இருக்கும் இடத்தில் வேண்டாம். கிழிந்த துண்டு தொண்டையை அடைத்துவிடும்.

கே: பதினொரு வயது மகன் 'இதெல்லாம் பாப்பா விளையாட்டு' என்று ஒதுங்கி நிற்கிறான்.

ப: அவனை விளையாடக் கூப்பிடாதீர்கள், ஸ்டாலை அவன் கையில் கொடுங்கள். வளையம் எடுத்துத் தருவதும், கோடு போடுவதும் அவன் பொறுப்பு. என்னிடம் வந்த ஒரு பையனும் இப்படித்தான் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஒரு குட்டிக்கு நான்கு வளையமும் தவறியபோது, குனிந்து டேப்பை உரித்து, அதன் கால் கட்டைவிரலுக்கு முன்னால் ஒட்டிவிட்டு, "இப்போ போடு" என்றான்.