அந்த முடியைத் தொட்டுப் பார்க்கலாமா? – கேள்வி பதில்

நான் மதுரைக்காரி. நியூ ஜெர்சிக்கு வந்து 16 வருடம் ஆகிறது. கணவர் ஆப்பிரிக்க அமெரிக்கர். மகளுக்கு 11 வயது. அவளுக்கு அப்பா வழி முடி, ஸ்பிரிங் போலச் சுருண்டு மேல்நோக்கி நிற்கும். அதைப் பராமரிக்க மாமியாரிடம் கற்றுக்கொண்டேன். பிறகு நூவர்க்கில் செனகல் பெண்கள் நடத்தும் ஒரு பின்னல் கடையில் 6 வருடம் சனிக்கிழமைதோறும் வேலை பார்த்தேன். அந்த முடியைப் பற்றியும், அதைப் பார்ப்பவர்கள் பேசும் பேச்சைப் பற்றியும் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (சென்னை): கறுப்பினத்தவர்களுக்கு முடி வளரவே வளராது என்கிறார்களே, உண்மையா அக்கா?

இல்லைம்மா. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அவர்களுக்கும் வளர்கிறது. வளர்ந்தது வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். என் மகளின் முடியை நனைத்து இழுத்துப் பிடித்தால் பாதி முதுகு வரை வரும். காய்ந்ததும் காதுக்கு மேலே ஏறிக்கொள்ளும்.

ஓர் இழையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நேரான முடி கிட்டத்தட்ட வட்டமாக இருக்கும், இந்த முடி தட்டையான நீள்வட்டமாக இருக்கும். வேர்க்காலே வளைந்திருப்பதால் இழை வெளியே வரும்போதே சுருண்டுதான் வருகிறது. ஒவ்வொரு வளைவும் ஒடியக்கூடிய இடம். வளர்வதைவிட ஒடிவது அதிகமானால் நீளம் நிற்காது. இந்த முடிக்குப் பராமரிப்பு என்றால் முக்கால்வாசி ஒடியாமல் காப்பதுதான்.

கேள்வி (கோவை): வாரம் ஒருமுறைதான் தலைக்குக் குளிப்பார்களாமே? அழுக்கு சேராதா?

தலையில் ஊறும் எண்ணெய்ப் பசை நேரான முடியில் வழுக்கிக்கொண்டு நுனி வரை இறங்கிவிடும். இரண்டு நாள் விட்டால் நமக்குப் பிசுபிசுக்கிறது. சுருள் முடியில் அதே பசை வளைவு வளைவாக இறங்க வேண்டும்; பாதி வழிகூட வராது. அதனால் முடி எப்போதும் வறண்டே இருக்கும். தினம் ஷாம்பூ போட்டால் இருக்கிற ஈரமும் போய் ஒடியத் தொடங்கும். வாரம் ஒருமுறை, சிலருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்பது அந்த முடிக்கு ஏற்ற கணக்கு. ஆனால் அந்த ஒரு நாளில் அவர்கள் தலைக்குச் செய்யும் வேலையை நீங்கள் பார்க்க வேண்டும்.

மகளுக்கு 2 வயதானபோது, என் அம்மா எனக்குச் செய்தது போலவே நானும் செய்தேன். காய்ந்த முடியில் தேங்காய் எண்ணெய் தடவி, உச்சியில் சீப்பை வைத்து இழுத்தேன். சீப்பில் மூன்று பல் உடைந்தது. பிள்ளை அலறிய அலறலில் பக்கத்து அறையிலிருந்து மாமியார் வந்தார். எதுவும் சொல்லாமல் சீப்பை வாங்கிக் கீழே வைத்தார். தண்ணீர் தெளிக்கிற பாட்டில், கண்டிஷனர், நான்கு கிளிப் எடுத்து வந்தார். தலையை நான்கு பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மறுபடி மூன்றாகப் பிரித்தார். ஒரு பாகத்தைச் சொட்டச் சொட்ட நனைத்து, கண்டிஷனரைத் தடவி, நுனியில் தொடங்கி விரலாலேயே சிக்கெடுத்தபடி மேலே போனார். அதற்கு அப்புறம்தான் பெரிய பல் சீப்பு. முடிந்த பாகத்தை முறுக்கி விட்டுவிட்டு அடுத்ததைத் தொட்டார். மொத்தம் இரண்டரை மணி நேரம் ஆனது. பிள்ளை அவர் முழங்கால்களுக்கு நடுவே உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டது. கடைசியில் உதிர்ந்ததையெல்லாம் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு நெல்லிக்காய் அளவுகூட இல்லை.

கேள்வி (எடிசன்): என் 8 வயது மகன் வகுப்புத் தோழியின் ஆஃப்ரோ முடியில் கை வைத்துவிட்டான். ஆசிரியை என்னை அழைத்துப் பேசினார். ஆசையாகத் தொட்டதற்கு இவ்வளவா என்று மனசு கஷ்டமாக இருக்கிறது.

ஆசையாகத்தான் தொட்டிருப்பான், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவன் தொட்டது ஒருமுறை. அந்தப் பிள்ளைக்கு அந்த வாரத்தில் அது எத்தனையாவது கையோ.

இரண்டு வருடம் முன்பு கோடை விடுமுறையில் மதுரையில் ஒரு கோயில் வரிசையில் நின்றோம். இருபது நிமிடத்துக்குள் மூன்று பேர் என் மகளின் தலைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்கள். ஒரு பெண், "பஞ்சு மாதிரி இருக்குடி, நீயும் தொட்டுப் பாரு" என்று தோழியை வேறு கூப்பிட்டார். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஆனால் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவும் இல்லை. அவள் என் துப்பட்டாவை வாங்கித் தலையில் போர்த்திக்கொண்டாள். மே மாத வெயிலில் வீடு வந்து சேரும் வரை அதை எடுக்கவில்லை. அன்றைக்கு அந்த மூன்று பேரையும் நான் தடுக்காமல் சிரித்துச் சமாளித்தது இன்றுவரை எனக்கு உறுத்துகிறது.

பெரியவர்களுக்கும் இதே கதைதான். அமெரிக்க விமான நிலையங்களில் பாதுகாப்புச் சோதனை என்று கறுப்பினப் பெண்களின் முடிக்குள் கைவிட்டுத் துழாவுவது வழக்கமாகிப்போய், புகார் எழுந்து, 2015-ல் அந்தச் சோதனையை நடத்தும் அரசுத் துறை தன் பணியாளர்களுக்கு மறுபடி பயிற்சி தர ஒத்துக்கொண்டது.

மகனைத் திட்ட வேண்டாம். "கண்ணால் பார், கையால் தொடாதே. அழகாக இருந்தால் வாயால் சொல்" என்று சொல்லிக்கொடுங்கள். ஒருமுறை மன்னிப்புக் கேட்கட்டும், அதோடு விட்டுவிடட்டும். "தொடலாமா?" என்று அனுமதி கேட்பதும் வேண்டாம் என்றே சொல்வேன். பத்துப் பேர் முன்னால் கேட்டால் மறுப்பது ஒரு சிறுமிக்கு எளிதல்ல.

கேள்வி (பெங்களூரு): அட்லாண்டா டீமில் ஒரு பெண். ஒரு வாரம் குட்டை முடி, அடுத்த வாரம் இடுப்பு வரை பின்னல். வீடியோ காலில் என்ன சொல்வது? சொல்லாமல் இருந்தால் தப்பா?

சொல்லாமல் இருந்தால் ஒரு தப்பும் இல்லை. சொல்லத்தான் வேண்டும் என்றால் "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போங்கள். "இது உங்கள் சொந்த முடியா?", "எப்படிக் குளிப்பீர்கள்?", "அடையாளமே தெரியவில்லை" மூன்றும் வேண்டவே வேண்டாம்.

கேள்வி (சான் ஹோசே): முடியை வைத்து வேலை தராமல் போவது, பள்ளியிலிருந்து அனுப்புவது எல்லாம் இந்தக் காலத்திலுமா? சட்டம் இல்லையா?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1786-ல் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த லூசியானாவில் ஆளுநர் மிரோ ஓர் ஆணை போட்டார். அடிமையாக இல்லாத கறுப்பினப் பெண்களும் முடியைத் துணியால் கட்டி மறைக்க வேண்டும் என்றது அது. அந்தப் பெண்கள் பளபளக்கும் துணிகளை விதவிதமாகக் கட்டி, அதையே ஓர் அலங்காரமாக்கிக் காட்டினார்கள். இந்தக் கதையை என் மகள் பள்ளியில் மேடையேறிச் சொன்னாள்.

நம் காலத்துக்கு வருவோம். 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஊழியர் ஒருவர் கார்ன்ரோ என்ற, தலையோடு ஒட்டி வரிசை வரிசையாகப் போடும் பின்னலோடு வேலைக்கு வர உரிமை கேட்டு வழக்குப் போட்டார். தோற்றார். பின்னல் பிறவியில் வந்ததல்ல, மாற்றிக்கொள்ளக் கூடியதுதானே என்றது நீதிமன்றம். 2016-ல் அலபாமாவில் சடைசடையாகத் திரித்த லாக்ஸ் முடிக்காக வேலை மறுக்கப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கிலும் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே காரணத்தைத்தான் சொன்னது. "மாற்றிக்கொள்ளலாமே" என்பதுதான் எல்லாக் கதவுகளிலும் கேட்கிற வார்த்தை. நீதிபதியும் சொல்கிறார், பள்ளி முதல்வரும் சொல்கிறார், நம் வீட்டு அத்தையும் சொல்கிறார்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் கிரவுன் சட்டம் வந்தது. 2019 ஜூலையில் கலிபோர்னியா, உங்கள் மாநிலம்தான், முதலில் நிறைவேற்றியது. இனத்தோடு சேர்ந்த முடியின் தன்மையும் பின்னல், லாக்ஸ், இரண்டு புரியாக முறுக்கும் ட்விஸ்ட் போன்ற அலங்காரங்களும் இனப் பாகுபாட்டுச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்தன. எங்கள் நியூ ஜெர்சிக்கு அதன் பின்னால் ஒரு வலி உண்டு. 2018 டிசம்பர் 19 அன்று ஒரு பள்ளி மல்யுத்தப் போட்டியில், லாக்ஸை வெட்டினால்தான் ஆடலாம் என்று நடுவர் சொல்ல, அந்தப் பையனின் முடியை அங்கேயே கத்திரிக்கோலால் வெட்டினார்கள். அந்த வீடியோவை நாடே பார்த்தது. பையன் ஜெயித்தான், ஆனால் அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. சரியாக ஒரு வருடம் கழித்து, 2019 டிசம்பர் 19 அன்று, நியூ ஜெர்சி ஆளுநர் இங்கே அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

நாடு முழுமைக்குமான மசோதா 2022-ல் கீழவையில் நிறைவேறியது, மேலவையைத் தாண்டவில்லை. சட்டம் இருக்கும் இடத்திலும் வழக்கு ஓய்வதில்லை. டெக்சஸில் 2023 செப்டம்பரில் அந்த மாநிலத்தின் கிரவுன் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே நேரத்தில் ஹூஸ்டன் பக்கம் ஒரு மாணவனை லாக்ஸ் நீளமாக இருக்கிறது என்று வகுப்புக்கு வெளியே உட்கார வைத்தார்கள். நீளத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2024 பிப்ரவரியில் நீதிபதி பள்ளிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். லாக்ஸுக்கு நீளம் இல்லாமல் எப்படி?

கேள்வி (டாலஸ்): நேராக்கிக்கொண்டால் எல்லோருக்கும் எளிதுதானே? ஏன் இவ்வளவு பிடிவாதம்?

என் மாமியார் 9 வயதில் தொடங்கி 52 வயது வரை நேராக்கினார். ரிலாக்ஸர் என்ற கிரீம். அதில் பல வகைகளில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு, சோப்புக் காய்ச்சும் அதே காரம். எரிய ஆரம்பித்தாலும் கழுவ விடாமல் உட்கார வைப்பார்களாம், இன்னும் கொஞ்சம் நேராகட்டும் என்று. அவர் காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. அந்த இடத்தில் முடி முளைக்கவே இல்லை. "வேலை வேண்டும், அதற்கு அந்த முடி வேண்டும்" என்றுதான் சொல்வார்.

52 வயதில் ரசாயனம் பட்டதையெல்லாம் வெட்டிவிட்டு ஓர் அங்குல முடியோடு தேவாலயத்துக்குப் போனார். இரண்டு பேர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். ஒரு மூதாட்டி மட்டும் கையைப் பிடித்து, "உன் அம்மா மாதிரியே இருக்கிறாய்" என்றாராம்.

2022 அக்டோபரில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஒன்று வெளிவந்தது. 33,497 பெண்களை ஏறக்குறைய 11 வருடம் கவனித்தார்கள். நேராக்கும் பொருட்களைத் தொடவே தொடாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வருவதற்கான வாய்ப்பு 1.64 சதவீதம், அடிக்கடி பயன்படுத்துபவர்களுக்கு 4.05 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். காரணம் அதுவேதான் என்று அந்த ஆய்வு முடிவு கட்டவில்லை, தொடர்பு இருப்பதைக் காட்டியது. தன் விருப்பத்துக்கு நேராக்கிக்கொள்ளும் பெண்களை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். வாசலில் நிற்பவர் கேட்கிறார் என்பதற்காகச் செய்ய வேண்டியிருப்பதுதான் அநியாயம்.

கேள்வி (டொராண்டோ): அம்மா யாழ்ப்பாணத்து ஆள். என் மகனின் சிநேகிதியைப் பற்றிப் பேசும்போது 'காப்பிலி முடி' என்று சொல்லுறா. வயசான மனுசி, எப்படித் திருத்துறது?

வயதானவர்களுக்குப் புதிதாகக் கற்க முடியாது என்று நாமே முடிவு செய்யக் கூடாது. அது அடிமைகளைக் கூப்பிட்ட பெயரின் வழியாக வந்த சொல் என்பதை ஒருமுறை உட்கார்ந்து சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு முறையும், விருந்தாளிகள் இருந்தாலும், "அம்மா, அந்தச் சொல் வேண்டாம்" என்று மட்டும் சொல்லுங்கள். என் அம்மா "பிள்ளையைப் பரட்டையா விட்டிருக்கியே" என்று சொல்வதை நிறுத்த எனக்கு ஒரு வருடம் பிடித்தது. நமக்கு எண்ணெய் வைத்துப் படியப் படிய வாரினால்தான் நல்ல வீட்டுப் பிள்ளை. படியாத முடியைப் பார்த்ததும் அந்தச் சொல் வாயில் வந்துவிடுகிறது. அந்தச் சிநேகிதி பக்கத்து அறையில் இருந்தால் கேட்கும் என்பதையும் அம்மாவிடம் சொல்லுங்கள்.

கேள்வி (சேலம்): என் மகளுக்கு நல்ல சுருட்டை. பள்ளியில் 'சாய்பாபா' என்கிறார்கள். உங்கள் முறை இவளுக்கும் உதவுமா?

ஈரத்தில் சிக்கெடுப்பது, நுனியிலிருந்து தொடங்குவது, இரவில் சாட்டின் உறை போட்ட தலையணை, மூன்றும் உதவும். "சுருட்டை முடி சோறு போடும்" என்று எங்கள் ஆச்சி சொல்வார், அதையும் அவளிடம் சொல்லுங்கள். கேலி வலிக்கத்தான் செய்யும். ஆனால் கறுப்பினப் பிள்ளைகளுக்கு வகுப்பறையும் வேலையும் சேர்ந்து பறிபோவதால் இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி (நியூயார்க்): அடுத்த மாதம் திருநெல்வேலியில் தங்கை கல்யாணம். என் 6 வயது மகளுக்கு உங்கள் மகளைப் போன்ற முடி. பூ எப்படி வைப்பது? பியூட்டிஷியன் ஸ்ட்ரெய்ட்டன் செய்துவிடலாம் என்கிறார்.

ஸ்ட்ரெய்ட்டன் வேண்டாம் என்று இப்போதே உறுதியாகச் சொல்லிவிடுங்கள். கல்யாண வீட்டு அவசரத்தில் சொன்னால் யார் காதிலும் ஏறாது.

முந்தின நாள் இரவே நனைத்து, சிக்கெடுத்து, முறுக்கி வைத்து, சாட்டின் துணியைக் கட்டிப் படுக்க வையுங்கள். காலையில் பிரித்து, மேலே இரண்டு உருண்டைக் கொண்டையாகக் கட்டுங்கள். நெற்றியோர முடியை இறுக்கி இழுக்க வேண்டாம். அங்கேதான் முதலில் கொட்டும். பின்னலில் தொங்கவிடுவது போல் பூவைத் தொங்கவிட்டால் நிற்காது. நெருக்கமாகக் கட்டிய மல்லிகை ஒரு முழம் வாங்கி இரண்டாக வெட்டி, ஒவ்வொரு கொண்டையின் அடியைச் சுற்றியும் வளையம் போல வைத்து, நான்கு இடத்தில் கொண்டை ஊசி குத்துங்கள். நேரான முடியில் பூ சரிந்துகொண்டே இருக்கும். இந்த முடி பூவைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். என் தம்பி கல்யாணத்தில் என் மகள் முகூர்த்தத்திலிருந்து இரவு வரவேற்பு முடியும் வரை ஓடி ஆடினாள். எல்லோர் தலையிலும் பூ வாடித் தொங்கியபோது அவளுடையது வைத்த இடத்திலேயே இருந்தது. ஊசியை எடுக்கும்போது முடியை லேசாக நனைத்துக்கொள்ளுங்கள், இழுக்காமல் வந்துவிடும்.