கையெழுத்துக் கேட்கும் தாய்மொழி

கேள்வி: இந்தித் திணிப்பு கூடாது என்று எழுதுகிறீர்கள். ஆனால் ரஷ்யாவில் தத்தார் மொழியைக் கட்டாயப் பாடத்திலிருந்து எடுத்து, விரும்பியவர் படிக்கலாம் என்று ஆக்கியதைச் சென்ற இதழில் அநியாயம் என்கிறீர்கள். அந்த மொழியை யாரும் தடை செய்யவில்லையே? விருப்பமில்லாத ரஷ்யப் பிள்ளைகள்மேல் தத்தாரைத் திணித்தால் மட்டும் சரியா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: தடை செய்யவில்லை, உண்மைதான். தத்தார் இன்றும், ரஷ்யாவுக்குள்ளேயே இருக்கும் தத்தார்ஸ்தான் குடியரசின் ஆட்சிமொழி. ரஷ்யாவின் 1993ஆம் ஆண்டு அரசியல் சட்டம், நாடு முழுவதற்கும் ரஷ்ய மொழி என்று சொல்லிவிட்டு, குடியரசுகள் தங்கள் மொழியையும் ஆட்சிமொழியாக வைத்துக்கொள்ளலாம் என்று 68ஆம் பிரிவில் உரிமை தருகிறது. அந்த உரிமையை வைத்துத்தான் அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் தத்தார் சொல்லிக்கொடுத்தார்கள். பொதுப் பாடத்திட்டத்துக்குக் குந்தகம் வராதவரை இதில் தவறில்லை என்று ரஷ்யாவின் அரசியல் சட்ட நீதிமன்றமே 2004இல் ஏற்றுக்கொண்டது.

2017 ஜூலையில் யோஷ்கர்-ஓலாவில் பேசிய புதின், தாய்மொழி அல்லாத ஒன்றைப் படிக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றார். யோஷ்கர்-ஓலா எது தெரியுமா? மாரி இனத்தாரின் குடியரசான மாரி எல்லின் தலைநகர். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. உங்கள் வாதமும் அதுதான். ஆனால் இந்த நியாயம் ரஷ்ய மொழிக்குக் கிடையாது. மாரிப் பிள்ளைக்கும் தத்தார் பிள்ளைக்கும் சுவாஷ் பிள்ளைக்கும் அது கட்டாயம். அந்த ஆண்டே அரசு வழக்கறிஞர்கள் பள்ளி பள்ளியாகச் சோதனைக்கு வந்தார்கள். நவம்பர் 29 அன்று தத்தார்ஸ்தான் சட்டமன்றம் இறங்கிவந்தது. இனி வாரத்துக்கு 2 மணி நேரம், அதுவும் பெற்றோர் எழுதிக் கொடுத்தால். 2018 ஆகஸ்டில், குடியரசுகளின் மொழிகளைப் பெற்றோர் எழுதிக் கொடுத்தால்தான் கற்பிக்கலாம் என்று நாடு முழுவதற்குமான சட்டமும் வந்துவிட்டது.

பெற்றோர் எழுதிக் கொடுக்கும் அந்தத் தாளைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'தாய்மொழி' என்ற பாடத்துக்கு எதிரே தத்தார் என்றும் எழுதலாம், ரஷ்ய மொழி என்றும் எழுதலாம். சட்டமே இடம் கொடுக்கிறது. பேனாவைப் பிடித்திருக்கும் அம்மா எதை நினைப்பார்? பள்ளியிறுதித் தேர்வை நினைப்பார். 2009இலிருந்து நாடு முழுவதும் ஒரே தேர்வு, கல்லூரிக்குள் நுழையவும் அதுதான் வழி. தத்தார் வழியில் படித்த பிள்ளையும் கணக்கை, இயற்பியலை ரஷ்ய மொழியில்தான் எழுத வேண்டும். வீட்டில் தன் தாயோடு தத்தாரில் பேசுகிறவரே அங்கே ரஷ்ய மொழி என்று எழுதிவிட்டு வருவார். மொழிமேல் வெறுப்பா அவருக்கு? இல்லை. பிள்ளையின் மதிப்பெண் பற்றிய பயம். ஒரு மொழி கட்டாயம், இன்னொன்றுக்குக் கையெழுத்து வேண்டும் என்றால், அதை விருப்பம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ரஷ்யப் பெற்றோரின் குறையை நான் தள்ளிவிடவும் இல்லை. 2010 கணக்கெடுப்பில் தத்தார்ஸ்தானில் தத்தார் மக்கள் 53 சதவீதம், ரஷ்யர் ஏறக்குறைய 40. வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரம் படித்தும் பிள்ளைக்கு நாலு வார்த்தை பேச வரவில்லை என்பது அவர்கள் புகார். அதற்கு நல்ல பாடநூல் எழுதியிருக்கலாம், மணி நேரத்தைக் குறைத்திருக்கலாம். அதை விட்டுவிட்டுப் பாடத்தையே எடுத்தார்கள். தத்தார் ஆசிரியர்கள் பலர் வேறு பாடம் நடத்தப் பயிற்சிக்குப் போனார்கள்.

நம் ஊரையும் இழுத்துவிட்டீர்கள், அதையும் சொல்கிறேன். 2006இல் தமிழ் கற்றல் சட்டம் போட்டு, 10ஆம் வகுப்புவரை தமிழைக் கட்டாயமாக்கியவர்கள் நாம். ஓசூரில் தெலுங்கு பேசும் பிள்ளையும் ஆம்பூரில் உருது பேசும் பிள்ளையும் தமிழ் படிக்க வேண்டும் என்பதை நான் ஆதரிக்கிறேன். அதே மூச்சில், அந்தப் பிள்ளைகளின் தாய்மொழிக்கும் பாடவேளையும் தேர்வும் மதிப்பெண்ணும் வேண்டும் என்றும் கேட்கிறேன். ஒரு மண்ணின் மொழியை அங்கே வாழ்கிறவர்கள் கற்பது வேறு. எங்கோ தலைநகரில் இருக்கும் பெரிய மொழி வந்து அந்த மண்ணின் மொழியைப் பின்வரிசைக்குத் தள்ளுவது வேறு. ரஷ்ய மொழிக்குக் கண்டமளவு நாடு இருக்கிறது. தத்தாருக்கு இருப்பது தத்தார்ஸ்தானின் தலைநகர் கசானும் அதைச் சுற்றியுள்ள வோல்காக் கரையும்தான்.

எழுத்தைக்கூட விடவில்லை. தத்தார்ஸ்தான் 1999இல் லத்தீன் எழுத்துக்கு மாறச் சட்டம் போட்டது. குடியரசுகளின் ஆட்சிமொழிகள், ரஷ்ய மொழியை எழுதும் சிரிலிக் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று 2002இல் மாஸ்கோ சட்டம் போட்டது. இன்னொரு குடியரசான கரேலியாவின் கரேலிய மொழி லத்தீன் எழுத்தில் எழுதப்படுவது. அதனால் கரேலியாவிலேயே அதற்கு ஆட்சிமொழித் தகுதி இல்லை.

அப்புறம் உத்மூர்த் இனத்தாரின் குடியரசான உத்மூர்த்தியா. 2002இல் உத்மூர்த் பேசத் தெரிந்தவர்கள் சுமார் 4,63,000 பேர். எட்டே ஆண்டுகளில் அது 3,24,000 ஆனது. 2019 செப்டம்பர் 10 அன்று, தலைநகர் இஷெவ்ஸ்கில், 79 வயது அறிஞர் ஆல்பர்ட் ராசின் இரண்டு அட்டைகளோடு வந்து நின்றார். ஒன்றில், என் மொழி நாளை மறையுமென்றால் இன்றே சாகத் தயார் என்ற பொருள்படும், அவார் மொழிக் கவிஞர் ரசூல் கம்சாத்தவின் வரி. இன்னொன்றில், எனக்குத் தாய்நாடு உண்டா என்ற கேள்வி. அன்று தீக்குளித்து இறந்தார். கீழப்பழுவூர் சின்னசாமியை 1964இல் இழந்தவர்கள் நாம். இப்படி ஓர் உயிர் போவதை நான் ஒருநாளும் போற்ற மாட்டேன். ஆனால் அவர் என்ன கேட்டார் என்பதைக் கேளாமல் இருக்க முடியாது. 2018இல் அந்த மொழிச் சட்டம் வரைவாக இருந்தபோதே, இதை ஆதரிக்காதீர்கள் என்று உத்மூர்த்தியா சட்டமன்றத்துக்குப் போன கடிதத்தில் கையெழுத்திட்டவர் ராசின். அவர் தீக்குளித்தது அதே சட்டமன்றத்தின் வாசலில்.